ஈரம் காயுமுன்

ஐப்பசி பிறந்து முதல் பெருமழை இறங்கியதும் நாகப்பட்டினத்துப் பட்டறைகளுக்கு வரும் இருசக்கர வண்டிகளின் குறை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: மிஸ்ஸிங். "காலையில எடுத்தா திக்கித் திக்கிப் போகுதுண்ணே. பதினோரு மணிக்கு மேல சரியாயிடுது" என்பார்கள். சொல்கிறவர் வண்டியைக் கொண்டுவருவதும் பதினோரு மணிக்கு மேல்தான். அதற்குள் வெயிலும் காற்றும் பட்டு வண்டி காய்ந்திருக்கும். ஒரே உதையில் எடுக்கும், எத்தனை முறுக்கினாலும் சுத்தமாக ஏறும். குறை காட்டாத வண்டியில் குறை தேடுவதைப் போலக் கடினமான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை.

அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நின்றுபோனால் நின்ற நிலையிலேயே, நனைந்தபடி, துடைக்காமல் கொண்டுவாருங்கள். தள்ளிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை. பட்டறையில் வேலை பழகும் தம்பிகளுக்கும் இதுதான் முதல் பாடம். ஈர வண்டி உள்ளே வந்தால் துணியைத் தொடாதே, காற்றுக் குழாயைத் தொடாதே. காற்றடித்துக் காயவைத்தால் வண்டி ஓடிவிடும். வந்தவரும் நிம்மதியாகப் போவார். அடுத்த மழையில் பாலத்தின்மேல் நடு இரவில் மறுபடி நிற்பார். குறை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த ஈரம் மட்டும்தான். அதை நாமே துடைத்துவிட்டு, பிறகு என்னத்தைத் தேடுவது?

பலரும் ஈரத்தையே குற்றவாளியாக நினைக்கிறார்கள். அப்படியென்றால் ஒரே மழையில் நனைந்த நூறு வண்டியில் நூறும் நின்றிருக்க வேண்டும். நிற்பது நாலைந்துதான். அந்த நாலைந்தில் குறை முன்பே இருந்தது. கோடையில் அது வெளியே தெரியவில்லை, மழையில் தெரிந்தது. பிளக் கேப்பின் ரப்பரில் ஒரு வெடிப்பு, ஒயர் நுனியில் பச்சை பூத்த செம்பு, மூடி இல்லாத கப்ளர் என்று ஏதோ ஒரு பலவீனம் பல மாதமாக அங்கே உட்கார்ந்திருக்கும்.

மழைத்தண்ணீர் தனியாக அவ்வளவு நல்ல மின்கடத்தி இல்லை. அதில் அழுக்கும் உப்பும் கரையும்போதுதான் அது கடத்தியாகிறது. எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. கிழக்கே கடல், தெற்கே போனால் வேதாரண்யத்து உப்பளங்கள். கடல்காற்று கொண்டுவரும் உப்பு, சாலைப் புழுதியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து பிளக் கேப்பின்மேலும் காயிலின்மேலும் ஒரு படலமாகப் படிந்து கிடக்கும். காய்ந்திருக்கும்வரை அதனால் தொந்தரவில்லை. லேசான தூறல் பட்டால் போதும், அந்தப் படலம் முழுவதும் ஒயர் போட்டது போலாகிவிடும். கொட்டும் மழையைவிடப் பனியும் தூறலும் அதிகத் தொல்லை தருவதற்கு இதுவும் ஒரு காரணம். பலத்த மழை உப்பைக் கொஞ்சமாவது கழுவிவிடும். பனி அதை நனைத்து அங்கேயே விட்டுவிடும்.

காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் மின்சாரம் சாதாரணமானதில்லை. 10,000 வோல்ட், சமயத்தில் அதற்கும் மேலே. பிளக்கின் நுனியில் இருக்கும் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டி எர்த்தைத் தொடுவதுதான் அதற்கு நாம் வைத்த வழி. ஆனால் நாம் வைத்த வழியில்தான் போவேன் என்று அது சத்தியம் செய்து கொடுக்கவில்லை. கரையில் ஒரு நண்டு வளை இருந்தால் வாய்க்கால் தண்ணீர் மதகுக்குப் போகாமல் அந்த வளைக்குள் இறங்கும், பாருங்கள், அப்படித்தான் இதுவும். கேப்பின் வெடிப்பு வழியாகவோ, ஈரப் படலத்தின்மேல் ஊர்ந்தோ என்ஜின் உடம்பைத் தொட வழி கிடைத்தால் அப்படியே போய்விடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் வளையம் வளையமாக மேடுகள் இருப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. பீங்கானின் மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து இறங்க வேண்டிய தூரத்தைக் கூட்டுவதற்காகத்தான் அவை. பீங்கான் வழவழப்பாக இருப்பதும் ஈரமும் அழுக்கும் ஒட்டாமல் இருக்கத்தான். பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் 1902இல் உருவாக்கினார். அன்றிலிருந்து பொறிக்கு மின்சாரம் தரும் கருவிகள், சி.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டிவரை, எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் மழைக்கும் இந்தக் கடைசி ஒரு சாண் பாதைக்கும் நடுவே நிற்பது இன்றைக்கும் பீங்கானும் ரப்பரும்தான்.

மிஸ்ஸிங் என்றதும் எல்லோரும் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கேப்போடு சேர்த்து ஹெட்டின்மேல் வைத்து, கிக்கரை உதைத்துப் பார்ப்பார்கள். நீலமாக ஒரு பொறி தட்டும். "கரண்டு நல்லா வருது, கார்பரேட்டர்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுக் கார்பரேட்டரைப் பிரிக்க ஆரம்பிப்பார்கள். இந்தச் சோதனை எவ்வளவு ஏமாற்றும் என்பது புரியாதவரை ஈர மிஸ்ஸிங் பிடிபடாது.

ஒரு இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது இடைவெளியின் அகலத்தை மட்டும் பொறுத்தது இல்லை, அங்கே இருக்கும் காற்றின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஃபிரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1889இல் வெளியிட்ட விதி இது. வெளியே ஹெட்டின்மேல் கிடக்கும் பிளக்கைச் சுற்றி இருப்பது சாதாரணக் காற்று, அதைத் தாண்டக் கொஞ்சம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் நசுக்கியிருக்கும் நேரத்தில் அதே இடைவெளியைத் தாண்டப் பல மடங்கு வேண்டும். வெளியே அழகாகப் பொறி விட்ட பிளக், உள்ளே போனதும் வாய் திறக்காது. அந்த நேரத்தில் கேப்பின் ஈரம்தான் மின்சாரத்துக்குச் சுலபமான வழி.

திக்கல் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதும் இதிலிருந்தே புரியும். வண்டி ஸ்லோவில் நிற்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே போகும் கலவை குறைவு, நசுங்கும்போது ஏறும் அழுத்தமும் குறைவு. அதனால் பொறி தாண்டிவிடும், வண்டி சமர்த்தாக நிற்கும். முறுக்கியதும் சிலிண்டர் நிறையக் கலவை ஏறும், அழுத்தம் கூடும், பொறிக்கு வேண்டிய வோல்ட்டும் கூடும். அப்போதுதான் மின்சாரம் பக்கவழியைத் தேடும். மேம்பாலம் ஏறும்போது, பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, முந்துவதற்கு முறுக்கும்போது திக்கும் வண்டி, சமதரையில் மெல்லப் போனால் திக்காது. இப்படி ஒருவர் வந்து சொன்னால் என் கை முதலில் பிளக் கேப்புக்குத்தான் போகும்.

இதனால் நான் வெறும் பிளக்கை வைத்துப் பார்ப்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது. இரண்டு கம்பி முனைகளை 6 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி ஒரு சிறு கட்டை செய்து வைத்திருக்கிறேன். திறந்த காற்றில் அந்த இடைவெளியைத் தாண்டுகிற பொறி, சிலிண்டருக்குள்ளும் தாண்டும் என்று ஓரளவு நம்பலாம். ஈரமாக இருக்கும்போது அது தாண்டவில்லை, காய்ந்ததும் தாண்டுகிறது என்றால் தேடல் பாதி முடிந்தது.

ஆனால் கருவியை எடுப்பதற்கு முன்னால் காது இருக்கிறது. பொறி போனதால் வரும் திக்கலும் பெட்ரோல் போனதால் வரும் திக்கலும் ஒன்றல்ல. பொறி போனால் சட்டென்று வெட்டும். சாவியைத் திருப்பி மூடி உடனே திறந்தது போல இருக்கும். வெட்டிய சுற்றில் எரியாத கலவை சூடான சைலன்சருக்குள் போய் அங்கே வெடிக்கும், அதனால் நாலு திக்கலுக்கு ஒரு தரம் பின்னால் 'பட்' என்று கேட்கும். பெட்ரோல் குறைந்தால் வண்டி மெல்ல இளைக்கும், இழுவை தேயும், பிறகு மெல்லத் திரும்பிவரும். சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் தெம்பு வருமானால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். சோக்குக்கு அசையாமல் அதே வெட்டு வெட்டினால் பொறிப் பக்கம். டூ-ஸ்ட்ரோக்கில் காது இன்னும் பழக வேண்டும். ஆர்.எக்ஸ். 100 மாதிரி வண்டி நல்ல நிலையிலேயே ஸ்லோவில் ஒன்றுவிட்டு ஒன்று அடிக்கும், அதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சத்தத்தைக் கேட்ட பிறகு பிளக்கைக் கழற்றினால் அது மீதியைச் சொல்லும். பெட்ரோலில் நனைந்து மினுமினுத்தால், எரிபொருள் வந்தது, எரிக்க ஆள் இல்லை. உலர்ந்து வெளுத்திருந்தால் எரிபொருளே வரவில்லை.

அக்கரைப்பேட்டையிலிருந்து கீழ்வேளூர், திருவாரூர்ப் பக்கம் ஊர் ஊராக மீன் கொண்டுபோகும் ஒருவர் பழைய ஸ்ப்ளெண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். விடியுமுன் ஏலம் எடுத்து, பெட்டியில் ஐஸ் போட்டு, பின்னால் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர். வண்டி நின்றால் மீனுக்கு மதிப்பில்லை. இரண்டு இடத்தில் காட்டியிருந்தார். ஓர் இடத்தில் பிளக் மாற்றியிருந்தார்கள், இன்னோர் இடத்தில் காயில் மாற்றியிருந்தார்கள். பிளக் மாற்றியபோது சில வாரம் நன்றாக ஓடியது என்றார்.

"எங்க ஆரம்பிக்குது, எங்க சரியாகுது? அத மட்டும் சொல்லுங்க."

"பாலம் ஏறுறப்பவே திக்கும்ணே. கீழ்வேளூர் வர்றப்ப சரியாயிடும். அங்க டீ குடிச்சிட்டு எடுத்தாலும் நல்லாத்தான் போகும். வழியில தண்ணி தேங்குன எடத்துல எறங்கி ஏறுனா மறுபடி ஆரம்பிச்சிடும்."

மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தகவல் இது, ஆனால் யாரும் கேட்டு வாங்குவதில்லை. எவ்வளவு நேரத்தில் குணமாகிறது என்பது குறை எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும். சிலிண்டர் ஹெட்டை ஒட்டி இருக்கும் பாகங்கள் என்ஜின் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும். டேங்குக்கு அடியில் இருக்கும் காயில் மெதுவாகத்தான் காயும். ஹேண்டிலை ஒட்டிய சாவி சுவிட்சுக்கு என்ஜின் சூடு போகவே போகாது, வெயில் வந்தால்தான் உண்டு. சில கிலோமீட்டரில் சரியாகி, தேங்கிய தண்ணீரில் இறங்கியதும் திரும்ப வருகிறது என்றால் அது ஹெட்டுக்குப் பக்கத்தில், முன்சக்கரம் தண்ணீரை வாரி இறைக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த நிலையில் முன்னோக்கி நீண்டிருக்கும், பிளக் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் வரும். இவர் வண்டியில் முன் மட்கார்டின் அடியில் தொங்க வேண்டிய ரப்பர் ஃபிளாப் பிய்ந்து போயிருந்தது.

விடிகாலையில் வரச் சொன்னேன். இருட்டு வேண்டும். பட்டறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, துணி இஸ்திரி போடுகிறவர்கள் வைத்திருக்கும் தண்ணீர்ப் பீச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்வேன். வெறும் தண்ணீர் போதும். சிலர் உப்பு கலந்து அடிப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. உப்பு வண்டியிலேயே இருக்கிறது, நாம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் பீச்ச வேண்டும். முதலில் கேப், பிறகு கேப்புக்கும் காயிலுக்கும் நடுவே உள்ள ஒயர், பிறகு காயில், பிறகு சி.டி.ஐ. கப்ளர், கடைசியாகச் சாவி சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் பிறகு காத்திருந்து, முறுக்கிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்துவிட்டால் மழை செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். கையை ஒயரிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும், அடித்தால் முழங்கை வரை உதறும். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடுகிற வண்டியின் பிளக் ஒயர் பக்கமே வரக்கூடாது.

மீன்காரர் வண்டியில் கேப்பைத் தாண்டிப் போகவே தேவைப்படவில்லை. இரண்டு பீச்சு பீச்சியதும் கேப்பின் அடிவிளிம்பிலிருந்து ஹெட்டின் இறக்கைக்கு மெல்லிய ஊதா நிறத்தில் ஒரு கோடு துடித்தது. முறுக்கினால் துடிப்பு கூடியது, அதே தாளத்தில் என்ஜின் திக்கியது. பகல் வெளிச்சத்தில் இதைப் பார்க்கவே முடியாது.

கேப்பைக் கழற்றிக் கையில் எடுத்து நிதானமாகப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. வெளியே ரப்பர் பளபளப்பாக இருந்தது. உள்ளே, வாய்ப்பக்கத்தில், பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு. ஈரத்தின்மேல் திரும்பத் திரும்ப மின்சாரம் ஊர்ந்தால் அந்தப் பாதை கருகிக் கரியாகிவிடும். கரி தானே ஒரு கடத்தி. அதன் பிறகு ஈரமே தேவையில்லை, கொஞ்ச நாளில் வெயிலிலும் திக்க ஆரம்பிக்கும். அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்து மறுபடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யக் கூடாது. சுரண்டிய இடத்தில் பரப்பு சொரசொரப்பாகி, அழுக்கும் ஈரமும் முன்னைவிட நன்றாகத் தங்கும். கேப்பை மாற்றுவதுதான் மரியாதை. பீங்கானில் அப்படி நெடுக்காகக் கோடு விழுந்திருந்தால் பிளக்கையும் மாற்ற வேண்டும். பீங்கான் இரும்பைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் தெரிவது வேறு. அது உயர் அழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை, ஒன்றும் செய்யாது. நெடுக்குக் கோடு குறை, குறுக்கு வளையம் கறை என்று தம்பிகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கேப்புக்குள் ஒயர் போகும் இடத்தில் மர ஆணி மாதிரி ஒரு திருகு இருக்கும். அது ஒயரின் செம்பு இழைகளுக்குள் திருகி இறங்கித்தான் தொடர்பு கிடைக்கிறது. அந்த வாயில் இருக்கும் சின்ன ரப்பர் மூடி தொலைந்து போனால் தண்ணீர் ஒயர் வழியே இறங்கித் திருகில் தங்கும். செம்பு பச்சை பூக்கும். அங்கேயே ஒரு சின்ன இடைவெளி உண்டாகி, உள்ளுக்குள் பொறி விட்டுக்கொண்டே இருக்கும். ஒயர் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும்வரை போய், புதுக் கேப்பை இறுக்கித் திருக வேண்டும். ஒயர் நீளம் போதாமல் இழுத்துக்கொண்டு நின்றால் வெட்ட வேண்டாம், ஒயரையே மாற்றுங்கள்.

மல்டிமீட்டரில் அந்தப் பழைய கேப் சுமார் 5 கிலோ ஓம் காட்டியது. புதுக் கேப்பும் அதேதான். மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் மீட்டரின் பேட்டரி 9 வோல்ட், 9 வோல்ட்டில் கசியாத ரப்பர் 10,000 வோல்ட்டில் கசியும். மீட்டரில் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கேப்பை நல்லது என்று முடிவுகட்டினால் அடுத்ததாகக் காயில்மேல் சந்தேகம் விழும். மீன்காரர் நல்ல காயில் ஒன்றை மாற்றக் காசு கொடுத்தது அப்படித்தான்.

பிளக் மாற்றியபோது ஏன் சில வாரம் சரியாக ஓடியது? பழைய பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருந்திருக்கும். அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அந்த அதிக வோல்ட்தான் கேப்பின் வெடிப்பைத் தேடிப் போனது. புதுப் பிளக் வேண்டிய வோல்ட்டைக் குறைத்தது, வெடிப்புக்குப் போகும் வேகம் குறைந்தது. இரண்டு அரைக்குறைகள் சேர்ந்து ஒரு முழுக்குறை ஆகியிருந்தன. அதில் பாதியைச் சரிசெய்தவர் முழுவதையும் சரிசெய்ததாக நம்பியதில் ஆச்சரியமில்லை.

எல்லாம் கேப்போடு முடிந்துவிடாது. மேக்னெட்டோவிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் சி.டி.ஐ. வண்டிகளில் சாவியை மூடுவது என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பது இல்லை, ஓர் ஒயரை எர்த்தோடு சேர்ப்பது. அந்த ஒயரில் வருவது பேட்டரியின் 12 வோல்ட்டும் இல்லை, மேக்னெட்டோ சுருளின் நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம். சாவி சுவிட்சுக்குள் தண்ணீர் இறங்கினால் சாவி திறந்திருக்கும்போதே பாதி மூடியது போல் ஆகி, மின்சாரம் அங்கே கசியும். வெளியில் நின்ற வண்டி விடியற்காலையில் எடுக்காது, வெயில் ஏறியதும் எடுக்கும். என்ஜின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. அந்த ஒயரைக் கப்ளரில் கழற்றி விட்டு உதைத்துப் பாருங்கள். ஓடினால் சுவிட்சில்தான் குறை. அதன் பிறகு சாவியால் நிறுத்த முடியாது என்பதை நினைவில் வைத்து, கியரில் போட்டுப் பிரேக்கைப் பிடித்து கிளட்சை விட்டு அணைக்க வேண்டும்.

பாயின்ட் வைத்த பழைய புல்லட்டில் கதையே தலைகீழ். அங்கே சுவிட்ச் திறந்தால்தான் பேட்டரி மின்சாரம் காயிலுக்குப் போகும். ஈரம் அதை எர்த் செய்வதைவிட, தொடவேண்டிய முனைகளைத் தொடவிடாமல் செய்வதுதான் அதிகம். பாயின்ட் மூடிக்குள் ஆவி குளிர்ந்து முத்து முத்தாக நிற்கும், தொடர்ந்து ஓடாத வண்டியில் பாயின்ட் முகத்தில் மெல்லிய துருப்படலம் பிடிக்கும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் இதற்கு எடுத்ததுமே பாயின்ட் மூடியைக் கழற்ற மாட்டார். சாவியைத் திறந்து, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, முகப்பில் இருக்கும் ஆம்ப் மீட்டரின் முள்ளைப் பார்ப்பார். பாயின்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். சாயவே இல்லை என்றால் பாயின்ட் தொடவில்லை, அல்லது வழியில் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. சாய்ந்தே கிடந்தால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ எர்த் ஆகிறது. ஒரு முள்ளை வைத்துப் பாதி ஒயரிங்கைப் படிக்க முடிந்த வண்டி அது. பிறகுதான் மூடியைத் திறந்து, முகத்தைச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வைப்பார்.

பெட்ரோல் பக்கத்து ஈரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால், அடியில் உருண்டையாக ஓடும் துளிகள் கண்ணுக்கே தெரியும். மெயின் ஜெட் கிண்ணத்தின் அடிப்பக்கத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது, ஒரு துளி வாயில் அடைத்தாலும் வண்டி இளைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னும் கவனம் வேண்டியிருக்கிறது. எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். அப்போது கிண்ணத்தை மட்டும் காலி செய்து பயனில்லை, டேங்கையே காலி செய்ய வேண்டும். காற்று வடிகட்டி நனைந்தால் அது வேறு மாதிரி. காற்று குறைந்து, பிளக் கறுத்து, வண்டி மூச்சு முட்டியது போல இழுக்கும். முழங்கால் வெள்ளத்தில் போய்வந்த வண்டியாக இருந்தால் எதையும் யோசிக்காமல் முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தாலோ செல்ஃப் போட்டாலோ, நசுங்காத தண்ணீரின்மேல் பிஸ்டன் மோதி கனெக்டிங் ராடே வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த பிறகு எங்கள் பக்கத்திலும், அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தே வண்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே டப்பாக்கள் இப்போது எல்லாக் கடையிலும் தொங்குகின்றன. நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அவை உதவும், அதில் சந்தேகமில்லை. பட்டறைக்குள் அவற்றை அனுமதிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அடித்ததும் வண்டி ஓடும். எந்த இடத்தில் அடித்ததால் ஓடியது என்பது தெரியாமல் போகும். தண்ணீர்ப் பீச்சி குறையை வெளியே இழுக்கிறது, இந்த ஸ்ப்ரே குறையை உள்ளே தள்ளுகிறது. அதற்குப் பதில் கேப் மாட்டும்போது பிளக்கின் பீங்கான்மேல் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் கார்பரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து குறையைச் சொல்கிறது. அதை நம்பலாம், ஆனால் ஈர மிஸ்ஸிங்கில் அது சொல்வதை ஒருமுறை யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பொறி விடாத சுற்றில் எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்று கணினிக்குச் சொல்லும். கணினி இன்னும் பெட்ரோலைக் கூட்டும். ஸ்கேனர் பெட்ரோல் பக்கத்தைக் காட்டும்போது குறை பழையபடி பத்து ரூபாய் ரப்பரில் இருக்கலாம். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதைப் பாழாக்கும் என்பதால், இந்த வண்டிகளைத் திக்கவிட்டுக்கொண்டே நெடுந்தூரம் ஓட்டக் கூடாது.

மீன்காரருக்குக் கேப் மாற்றி, ஒயர் நுனி வெட்டி, கறுப்புக் கோடு விழுந்திருந்ததால் பிளக்கும் மாற்றினேன். காயிலின் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகத் தேய்த்து இறுக்கினேன். முன் மட்கார்டுக்குப் புது ஃபிளாப் போட்டேன், அது இல்லாமல் இந்த வேலை முழுமையாகாது. பிறகு வண்டியை ஓடவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் கேப்பின்மேலேயே ஊற்றினேன்.

"அண்ணே, காயவெச்சுக் குடுப்பீங்கன்னு பாத்தா மறுபடி தண்ணி ஊத்துறீங்களே!"

"இங்க நின்னா நான் இருக்கேன். பாலத்துல நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

என்ஜின் தடுமாறவில்லை. முறுக்கச் சொன்னேன், முறுக்கினார். பெட்டியில் மீனோடு, ஆள் பாரத்தோடு, தேங்கிய தண்ணீர் பார்த்து ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்லி அனுப்பினேன். பாரம் இல்லாமல் ஓட்டிப் பார்த்து வண்டியைக் கொடுப்பது இந்தக் குறையைப் பொறுத்தவரை பார்க்காமல் கொடுப்பதுதான். போய்வந்தவர் பாலத்தில் மூன்றாம் கியரிலேயே ஏறியதாகச் சொன்னார். பழைய காயில் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல காயில்தான் என்றேன். ஐஸ் உருக ஆரம்பித்திருந்தது, ஏலச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.